நோட்டுத் திருத்தும்போது பாராட்டு எழுதுவது எப்படி

எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றை ஜூன் மாதத்திலிருந்து புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிழையான சொற்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடியில் கையொப்பம், தேதி. சில பக்கங்களில் 'குட்', சில பக்கங்களில் 'வெரி குட்', எங்காவது ஒரு நட்சத்திரம். எங்கே தவறினோம் என்பது அந்தப் பிள்ளைக்கு வரிவாரியாகத் தெரிந்துவிடுகிறது. எது நன்றாக வந்தது என்பதுதான் தெரிவதில்லை. 'வெரி குட்' வாங்கிய கட்டுரைக்கும் வெறும் 'குட்' வாங்கிய கட்டுரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மாணவரால் சொல்ல முடியாது. பல நேரம் ஆசிரியராலும் முடியாது. முப்பதாவது நோட்டில் கை வலித்தது மட்டுமே காரணமாக இருந்திருக்கும்.

பிள்ளையைச் சந்தோஷப்படுத்தினால் போதும் என்றால் நட்சத்திரமே நல்லது, சீக்கிரம் வேலை முடியும். தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை அடுத்த முறை தெரிந்தே செய்ய வேண்டும் என்றால், செய்தது என்ன என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். 6 முதல் 10 வரையிலான வகுப்புகளின் கட்டுரை, கணக்கு, அறிவியல் நோட்டுகளை மனத்தில் வைத்து அதற்கான வழி கீழே தரப்படுகிறது.

எழுதிய குறிப்பு உருப்படியானதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை அப்படியே பக்கத்து நோட்டில் எழுதினாலும் பொருந்துமா? பொருந்தும் என்றால் அந்தக் குறிப்பு நோட்டைப் படிக்காமலே எழுதியிருக்கக்கூடியது. பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். நோட்டு கைக்கு வந்ததும் பெஞ்சில் ஒருவருக்கொருவர் காட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே வாசகம் என்றால் மூன்றுக்கும் மதிப்பு போய்விடும்.

பேனாவை மூடி வைத்து ஒரு முறை

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் கண் பிழையைத்தான் தேடும். அதனால் முதல் முறை பேனாவை மூடிவிட்டு முழுவதும் படியுங்கள். ஒன்றரைப் பக்கக் கட்டுரைக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. எந்த வரியில் உங்கள் வேகம் தானாகக் குறைந்ததோ, எதைத் திரும்பப் படித்தீர்களோ, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டாம் முறைதான் பிழைத் திருத்தம்.

பாராட்டுக் குறிப்பையும் பென்சிலிலேயே எழுதலாம். சிவப்பு என்றாலே பிழை என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய கண்ணுக்கு, சிவப்பில் எழுதிய நல்ல வார்த்தையும் திட்டு மாதிரிதான் தெரியும். நீலம் மாணவரின் மை. பச்சை மை தலைமையாசிரியருக்கு உரியது என்பது பள்ளிகளில் வழக்கம், அதைத் தொட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

என்ன தேடுவது என்று தெரியாவிட்டால் எவ்வளவு படித்தாலும் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. ஆறு இடங்களில் பார்க்கலாம். பிள்ளை தன் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒன்றை எழுதியிருக்கிறதா? செய்திகளை ஒரு காரணத்தோடு வரிசைப்படுத்தியிருக்கிறதா? பழகிய சொல்லை விட்டுவிட்டுச் சரியான சொல் ஒன்றைத் தேடிப் போட்டிருக்கிறதா? விடை எப்படி இருந்தாலும், பிடித்த வழி சரியானதா? கடினமான கேள்வியை விடாமல் தொட்டிருக்கிறதா? கடைசியாக, எழுதியதைத் தானே அடித்துவிட்டு அதைவிட நல்லதாக மாற்றியிருக்கிறதா? இந்தக் கடைசி வகையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் போய்விடும் என்ற பயத்திலேயே வளரும் பிள்ளைகளுக்கு, "முதலில் எழுதியதை அடித்துவிட்டு இந்தச் சொல்லைப் போட்டாயே, அதுதான் சரி" என்ற ஒரு வரி பெரிய அனுமதி.

ஒரு குறிப்பில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் போதும்: எந்த இடம், அங்கே மாணவர் செய்தது என்ன, அதனால் படிப்பவருக்கோ கணக்குக்கோ விளைந்தது என்ன. நான்காவதாக, இதையே அடுத்து எங்கே செய்து பார்க்கலாம் என்று சேர்க்கலாம். எல்லா நோட்டுக்கும் தேவையில்லை. மொத்தம் 15 முதல் 25 சொற்கள். அதற்கு மேல் போனால் பிள்ளை படிக்காது, உங்களாலும் 40 நோட்டுக்குத் தாங்காது.

ஒரு நோட்டுக்கு ஒரு குறிப்பு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஐந்து இடத்தில் பாராட்டினால் எது முக்கியம் என்று தெரியாமல் போகும்.

வினைச்சொல்லில் எழுதுங்கள். 'அருமையான முன்னுரை' என்பதில் பிள்ளை செய்த செயல் எதுவும் இல்லை. 'முன்னுரையை ஒரு கேள்வியோடு தொடங்கியிருக்கிறாய். பதில் என்ன என்று தேடிக்கொண்டே கீழே படித்தேன்' என்பதில் செயலும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு 'நீ' என்றே எழுதலாம், அதில்தான் நெருக்கம். கல்லூரி மாணவருக்கு 'நீங்கள்'. பெயரோடு தொடங்கினால் இன்னும் நல்லது. 40 பேர் வகுப்பில் தன் பெயரை ஆசிரியரின் கையெழுத்தில் பார்ப்பது பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அபூர்வம்.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம்

தலைப்பு: எங்கள் ஊர்த் திருவிழா. எட்டாம் வகுப்பு. குறிப்புச் சட்டகம் இருக்கிறது, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் முறைப்படி. நடுவில் ஒரு பத்தி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் பங்குனி மாதம் திருவிழா நடைபெறும். திருவிழா மிகவும் சிறப்பாக இருக்கும். அனைவரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். ராத்திரி கரகாட்டம் முடிஞ்சதும் ஜெனரேட்டர நிறுத்திருவாங்க. அப்பதான் எங்க தாத்தா இருமுற சத்தம் கேக்கும்."

முதல் மூன்று வரிகளில் ஒரு பிழையும் இல்லை. கைடிலிருந்தோ போன வருட நோட்டிலிருந்தோ வந்தவை, பிழை இருக்க வழியில்லை. கடைசி இரண்டு வரிகளில் சொல்லுக்குச் சொல் பேச்சு வழக்கு. சிவப்புப் பேனா நேராக அங்கேதான் போகும்: 'முடிஞ்சதும்' வட்டம், 'ஜெனரேட்டர' வட்டம், 'கேக்கும்' வட்டம், 'எழுத்து வழக்கில் எழுதவும்'. மேலே மூன்று வரிகளுக்கு ஒரு டிக்.

அந்தப் பிள்ளை இதிலிருந்து என்ன புரிந்துகொள்ளும்? கைடைப் பார்த்து எழுதினால் டிக், சொந்தமாக எழுதினால் வட்டம். அடுத்த கட்டுரையில் தாத்தா வரமாட்டார். 'இனிதே நடைபெற்றது' வரும்.

கட்டுரை நோட்டுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பிள்ளை சொந்தமாக எழுதத் துணியும் இடத்தில்தான் பிழை அதிகம் வரும், ஏனென்றால் அந்த வாக்கியத்துக்கு முன்மாதிரி எதுவும் இல்லை. நல்ல வரியும் பிழை வரியும் பெரும்பாலும் ஒரே வரியாக இருக்கும். ஆகவே பிழை நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், அங்கே வேறு ஏதாவது நடக்கிறதா என்று ஒரு கணம் நின்று பாருங்கள்.

இந்தப் பத்திக்கு ஓரத்தில் இப்படி எழுதலாம்:

"ஜெனரேட்டர் நின்ற பிறகுதான் தாத்தாவின் இருமல் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். அதுவரை ஊரே எவ்வளவு சத்தமாக இருந்தது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. 'மிகவும் சிறப்பாக இருக்கும்' என்ற வரிக்குப் பதிலும் இப்படி நீ பார்த்த ஒன்றை எழுது."

பேச்சு வழக்கை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையும், பிள்ளைக்கு அது தெரிய வேண்டும். ஆனால் அந்தத் திருத்தம் கட்டுரையின் அடியில், தனியாக: "கடைசி இரண்டு வரிகளையும் எழுத்து வழக்கில் மாற்றி எழுது. செய்தி எதையும் மாற்றாதே." இந்தக் கடைசி வாக்கியம் அவசியம். இல்லாவிட்டால் எழுத்து வழக்குக்கு மாற்றும் சாக்கில் தாத்தாவையே எடுத்துவிடுவார்கள்.

பாராட்டையும் திருத்தத்தையும் ஒரே வாக்கியத்தில் 'ஆனால்' போட்டு இணைக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். 'வருணனை நன்று, ஆனால் பேச்சு வழக்கு உள்ளது' என்று படித்தால் 'ஆனால்' வரைக்கும் எழுதியது முகமன் என்றாகிவிடும். நல்லது, கெட்டது, மறுபடி நல்லது என்று அடுக்கி எழுதச் சொல்லும் முறையும் உண்டு. நான்கு நோட்டுக்குள் பிள்ளைகள் அந்தச் சூத்திரத்தைப் பிடித்துவிடுவார்கள். முதல் வரியைப் படிக்கும்போதே அடி எங்கே வரும் என்று காத்திருப்பார்கள். நல்ல வரிக்கு நேரே ஓரத்தில் ஒன்று, திருத்தம் அடியில் ஒன்று. இரண்டும் தனித்தனி இடத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்காது.

முழுக்க முழுக்க கைடிலிருந்தே இறக்கிய கட்டுரையாக இருந்தால்? பாராட்ட எதையாவது இட்டுக்கட்ட வேண்டாம். எங்காவது ஒரு சொல், ஒரு ஊர்ப்பெயர், ஒரு எடுத்துக்காட்டு அந்தப் பிள்ளை சேர்த்ததாக இருக்கும். அதற்கு அடிக்கோடு போட்டு, "இது உன் வரி. இதைப் பற்றி இன்னும் மூன்று வரி எழுது" என்று கேளுங்கள். அதுகூட இல்லை என்றால் குறிப்பே வேண்டாம், தேதியும் கையொப்பமும் போதும்.

பிழை குறைவதையும் எண்ணிச் சொல்லலாம்

ஒற்றுப் பிழை, ல-ள-ழ மயக்கம், ர-ற மயக்கம் இவற்றில் பாராட்ட என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. 'பாடத்தைப் படித்தேன்', 'கதவைத் திறந்தான்' என்று 'ஐ' உருபுக்குப் பின் வல்லினம் மிகுவதை ஒரு பிள்ளை போன கட்டுரையில் ஒன்பது இடத்தில் விட்டது, இப்போது இரண்டு இடத்தில் மட்டும் விட்டிருக்கிறது என்றால், "போன முறை 9, இந்த முறை 2. மீதி இருக்கும் இரண்டும் எந்த வரி என்று நீயே கண்டுபிடி" என்று எழுதுங்கள். இது பாராட்டும்தான், வேலையும்தான்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். ஒரு கட்டுரையில் எல்லா வகைப் பிழையையும் வட்டமிட்டால் எதையும் எண்ண முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாதத்துக்கு ஒரு வகைப் பிழை என்று வைத்துக்கொண்டால்தான் குறைந்ததா என்று இருவருக்கும் தெரியும்.

கணக்கிலும் அறிவியலிலும்

கணக்கு நோட்டில் டிக், தப்பு என்ற இரண்டுக்கும் நடுவில் எதுவும் இருப்பதில்லை. விடை சரியாக இருந்தாலும் வழி பலவகை. 800 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 15 சதவீத லாபத்தில் விற்றால் விற்ற விலை என்ன என்ற கணக்குக்கு, ஒரு பிள்ளை சூத்திரத்தில் போடாமல், 10 சதவீதம் 80, அதில் பாதி 40, ஆக 120, விடை 920 என்று போட்டிருக்கலாம். 'சூத்திரப்படி செய்' என்று எழுதி அதை அமுக்கிவிடுவது வழக்கம். "15ஐ 10, 5 என்று பிரித்தாய், சதவீதம் என்றால் என்ன என்று தெரிந்தவர்தான் இப்படிப் போட முடியும். 35 சதவீதத்துக்கு இதே வழியில் போடு, பிறகு சூத்திரத்திலும் போட்டுச் சரிபார்" என்று எழுதலாம். தேர்வுக்குச் சூத்திரமும் வந்துவிட்டது, பிள்ளையின் யோசனையும் பிழைத்தது.

விடை தவறான கணக்கில்தான் நல்ல குறிப்புக்கு வேலை அதிகம். சுற்றளவு 36 செ.மீ., நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு, பரப்பளவு என்ன? பிள்ளை அகலம் 6, நீளம் 12 வரை சரியாக வந்துவிட்டு, 12 பெருக்கல் 6ஐ 62 என்று எழுதியிருக்கிறது. முழுக்கணக்குக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டால், வழியும் தவறு என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை சரியான வழியைக் கைவிட்டுவிடும். "நீளத்துக்குத் தனி எழுத்து வைக்காமல் அகலத்தின் இரு மடங்கு என்றே எழுதினாய், அதனால் ஒரே சமன்பாட்டில் முடிந்தது. கடைசிப் பெருக்கலை மட்டும் மறுபடி போடு." எந்த வரி வரைக்கும் சரி என்று ஒரு டிக், தவறிய வரிக்கு அடிக்கோடு. படிநிலை மதிப்பெண் போடத் தெரிந்த கணக்காசிரியருக்கு இது புது வேலை இல்லை, மதிப்பெண்ணாகப் போடுவதைச் சொல்லாக எழுதினால் போதும்.

அறிவியலில் படத்தின் அழகைப் பாராட்டுவதுதான் அதிகம். பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை நன்றாகத் தீட்டிய பிள்ளைக்கு ஓவியம் வரும் என்று அர்த்தம். பாகம் குறிக்கும் கோடு சூலகத்தைத் தொட்டு நிற்கிறதா, மகரந்தத்தாளின் காம்பையும் பையையும் பிரித்துக் காட்டியிருக்கிறதா என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. பாராட்டு அங்கே போக வேண்டும். செய்முறை நோட்டில் இன்னொன்று கவனியுங்கள். எல்லோரும் 'சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறியது' என்று எழுத, ஒரு பிள்ளை 'ஓரத்தில் மட்டும் நீலமானது, நடுவில் மாறவில்லை' என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல. தாள் முழுதும் நனையாமல் இருந்திருக்கும். புத்தகத்தில் இருப்பதை எழுதாமல் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படி ஆனது என்று கேளுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

பாராட்டினால் நல்லதுதானே, என்ன கெட்டுவிடும் என்று நினைப்பது சரியில்லை. குளூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றி அதுவரை நடந்த சோதனைகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டி 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்பாடு குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

'நீ புத்திசாலி', 'கணக்கில் புலி' என்ற வகைப் பாராட்டு செய்வது அதைத்தான். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிளாடியா முல்லரும் கரோல் டிவெக்கும் நடத்தி 1998இல் வெளியிட்ட சோதனைகளில், முதல் புதிர்த் தொகுதிக்குப் பின் சிலரைப் புத்திசாலி என்றும் சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான தொகுதி. அதன் பின் முதல் தொகுதி அளவுக்கே எளிதான மூன்றாவது. புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் மூன்றாவதில் முதலாவதைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். புத்திசாலிக்குத் தோல்வி வந்தால் அந்தப் பட்டமே போய்விடும் அல்லவா, அந்தப் பயம்தான்.

இதைப் படித்துவிட்டு எல்லா நோட்டிலும் 'நல்ல முயற்சி' என்று எழுதத் தொடங்குவது அடுத்த கோளாறு. முயற்சி எடுத்ததை நீங்கள் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எழுதியதா, இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எழுதியதா என்பது உங்களுக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். தவறான விடைக்குக் கீழே 'நல்ல முயற்சி' என்று எழுதினால் அது ஆறுதல் பரிசு. முயற்சியைச் சொல்ல வேண்டும் என்றால் நோட்டில் தெரியும் தடயத்தைச் சொல்லுங்கள்: இரண்டு வழியில் போட்டுப் பார்த்தது, அடித்துத் திருத்தியது, கேட்காமலே வரைபடம் சேர்த்தது.

மிகைப்படுத்துவது இன்னொன்று. தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைக்குத்தான் பெரியவர்கள் அதிகமாக அள்ளிவிடுவார்கள், பாவம் என்று. நெதர்லாந்தில் எடி பிரம்மல்மேனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் வரைந்த படத்துக்கு 'அழகு' என்று ஒரு தரப்புக்கும் 'நம்பவே முடியாத அழகு' என்று ஒரு தரப்புக்கும் எழுதிக் கொடுத்தார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள் இரண்டாவது வகைப் பாராட்டு கிடைத்த பிறகு சவாலான படத்தைத் தவிர்த்து எளிதானதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உயரத்தை மறுபடி எட்ட முடியாது என்று அவர்களுக்கே தெரியும். 'மிகமிக', 'அபாரம்', மூன்று ஆச்சரியக்குறி, இதெல்லாம் வேண்டாம்.

கையெழுத்தைப் பாராட்டுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு பரவலாக இருக்கிறது. கட்டுரைக்குக் கீழே 'கையெழுத்து அழகு' என்று மட்டும் இருந்தால் உள்ளே இருப்பதை ஆசிரியர் படிக்கவில்லை என்று பொருள். மார்ஜின் கோடு, அட்டை போட்டது, லேபிள் ஒட்டியது எல்லாம் இதே ரகம். நான்கு வரி நோட்டுக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் கையெழுத்துதான் வேலை, அங்கே தாராளமாகப் பாராட்டுங்கள்.

'இந்த முறையாவது ஒழுங்காக எழுதியிருக்கிறாய்', 'ரம்யா மாதிரியே எழுத வந்துவிட்டது' போன்றவற்றைப் பாராட்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முதலாவது பழைய பாக்கியை வசூலிக்கிறது. இரண்டாவதில் பாராட்டு முழுவதும் ரம்யாவுக்குப் போய்விடுகிறது.

மதிப்பெண் பக்கத்தில் இருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை

இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சியில் அடிக்கடி பேசப்படுவது. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் செயல்பாடும் ஆர்வமும் கூடின. இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். பிள்ளையின் கண் 10க்கு 6 என்பதைப் பார்த்ததும் பக்கத்து நோட்டுக்குப் போய்விடுகிறது. குறிப்பு எழுதிய நேரம் வீண்.

மதிப்பெண்ணே வேண்டாம் என்று நம் பள்ளிகளில் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள், பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வழி இதுதான்: மதிப்பெண்ணை உங்கள் மதிப்பெண் பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நோட்டில் குறிப்பை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். குறிப்பைப் படித்து அதற்கான வேலையை முடித்த பிறகு, ஒன்றிரண்டு நாள் கழித்து மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். வகுப்புத் தேர்வுத் தாளுக்கும் இப்படிச் செய்யலாம். காலாண்டு, அரையாண்டுத் தாளுக்கு முடியாது, அங்கே முயல வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்று பிரித்தார்கள். அந்த 40 இப்படி அன்றாடம் கவனித்துச் சொல்வதற்கான இடமாக இருக்க வேண்டியது. பல பள்ளிகளில் அதுவும் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டமாகிவிட்டது என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான்.

முதல் மாணவரும் பின்வரிசையும்

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு எல்லா நோட்டிலும் 'எக்ஸலண்ட்'. அந்தப் பிள்ளைக்கு வருடம் முழுவதும் யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை என்று இதற்குப் பொருள். பிழையற்ற கட்டுரைக்கும் தேர்ந்து சொல்ல ஒன்று இருக்கும்: "நான்கு உட்தலைப்பில் மூன்றாவதில்தான் உன் சொந்தக் கருத்து வருகிறது. அதுவே கட்டுரையில் கனமான பகுதி. அதை முதலாவதாக வைத்து ஒரு முறை எழுதிப் பார்."

மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம் சுலபமான ஒன்றைச் செய்ததற்காகப் பாராட்டினால், 'இவனால் இவ்வளவுதான் முடியும்' என்று ஆசிரியர் நினைக்கிறார் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். கூட்டல் கணக்குக்கு ஒன்பதாம் வகுப்பில் கைதட்டக் கூடாது. அவனுக்குச் சற்றே கடினமான ஒன்றைக் கொடுத்து, அதில் பாதி வந்தால் அந்தப் பாதியைக் குறித்துச் சொல்லுங்கள். அளவுகோல் அவனுடைய போன மாத நோட்டு. பக்கத்துப் பெஞ்சு அல்ல.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுதிய குறிப்பால் பயனில்லை, படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து விரலால் சுட்டிச் சொல்ல வேண்டும்: "இந்த 'ழ' பாரு, வாலைச் சரியா வளைச்சிருக்க."

40 நோட்டும் ஒரு ஆசிரியரும்

நோட்டுக்கு 3 நிமிடம் என்றாலும் 40 நோட்டுக்கு 2 மணி நேரம். மூன்று பிரிவு எடுப்பவருக்கு 6 மணி நேரம். எல்லோருக்கும் எல்லா முறையும் விரிவாக எழுத முடியாது, எழுதவும் தேவையில்லை. ஒரு கட்டுரைக்கு 10 பேர் என்று வரிசைப்படுத்துங்கள். அந்தப் பத்துப் பேருக்கு முழுக் குறிப்பு. மற்ற 30 பேருக்கு நல்ல வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு கோடு மட்டும். கோடு எதற்கு என்று ஜூன் மாதமே வகுப்பில் சொல்லி வைத்துவிடுங்கள். நான்கு கட்டுரைக்குள் எல்லோருக்கும் முழுக் குறிப்பு ஒரு முறை போய்ச் சேரும்.

யாருக்கு என்ன எழுதினோம் என்பதற்கு மாணவர் பெயருக்கு நேரே இரண்டு சொல் போதும்: 'தாத்தா, ஜெனரேட்டர்', 'ஐ ஒற்று 9', 'சதவீதம் பிரித்தது'. இது இல்லாவிட்டால் அடுத்த முறை 9 எப்போது 2 ஆனது என்று உங்களுக்கே தெரியாது. அதோடு, எந்தெந்தப் பெயருக்கு நேரே காலியாகவே இருக்கிறது என்பதும் இதில் தெரியும். அப்படி விடுபடுவது பெரும்பாலும் குறும்பு செய்பவரோ கடைசியாக வருபவரோ அல்ல. சத்தமில்லாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர்.

வாயால் சொல்லும்போது

எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பாராட்டுவது ஆறாம் வகுப்பில் கொண்டாட்டம், பத்தாம் வகுப்பில் தண்டனை. குறிப்பாகப் பையன்களை இடைவேளை முழுக்க ஓட்டுவார்கள். பெரிய வகுப்புகளில் பெஞ்சருகே போய், நோட்டில் அந்த வரியைக் காட்டி, மெதுவாக ஒரு வாக்கியம். "தம்பி, இந்த இடம் நல்லா வந்திருக்கு, ஏன்னா..." என்று காரணத்தோடு. வகுப்பில் படித்துக் காட்ட விரும்பினால் முதலில் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் வரியை மட்டும் படிப்பதும் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு நோட்டின் படத்தைப் போட்டால், மீதி 39 வீடுகளில் அன்று மாலை என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

குறிப்பு எழுதுவது பாதி வேலை. நோட்டைக் கொடுத்த உடனே அடுத்த பாடத்தைத் தொடங்கினால் நோட்டு பைக்குள் போய்விடும். பாட வேளையின் முதல் 7 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். குறிப்பு வந்த பத்துப் பேர் அதில் கேட்டதை அதன் கீழேயே செய்ய வேண்டும்: மூன்று வரி சேர்ப்பது, 35 சதவீதத்துக்குப் போடுவது, விட்ட இரண்டு ஒற்றைக் கண்டுபிடிப்பது. ஓரக்கோடு மட்டும் வந்தவர்கள், அந்த வரியை ஆசிரியர் ஏன் குறித்திருப்பார் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். முதல் இரண்டு முறை 'நன்றாக இருப்பதால்' என்றுதான் எழுதுவார்கள். அதை ஏற்றுக்கொள்ளாமல் 'எது நன்றாக?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று கட்டுரைக்குப் பின், சொந்தமாக ஒரு காரணம் சொல்லத் தொடங்குவார்கள். சில நேரம் நீங்கள் நினைத்த காரணமாக அது இருக்காது, உங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கும். அப்போது அதற்கு நேரே பென்சிலால் இன்னொரு கோடு போடுங்கள்.